நோய் தீராவிட்டாலும் ஆள் தேறலாம்: மதுரைக்காரர்களுக்கு முதல் ஒரு மண்டலம்

சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முடக்குவாதம், இதய நோய், வலிப்பு, லூபஸ். பெயர் எதுவானாலும், "இது போகாது, கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வேலை இரண்டாகிவிடுகிறது. ஒன்று உடம்பைப் பார்ப்பது. அதற்கு மருந்துச் சீட்டு உண்டு, அடுத்து வரவேண்டிய தேதி உண்டு. இன்னொன்று மனசைப் பார்ப்பது. அதற்கு யாரும் சீட்டு எழுதித் தருவதில்லை. பெரியாஸ்பத்திரி வாசலில் மருந்துப் பையோடு டீக்கடை ஓரம் நிற்கிறவருக்கு அந்த இரண்டாவது வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நம் பேச்சில் நோய் 'தீர்வது' வேறு, ஆள் 'தேறுவது' வேறு. தீர்வது மருந்தின் கையில். தேறுவது பெரும்பாலும் நம் கையில், கொஞ்சம் சுற்றியிருப்பவர்கள் கையில். இங்கே சொல்வதெல்லாம் தேறுவதற்கான வழி. கணக்குக்கு ஒரு மண்டலம், 48 நாள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணில் மாயம் எதுவுமில்லை. "மண்டலம் இருக்கேன்" என்றால் வீட்டில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள், அதுதான் வசதி.

முதல் வாரம்

முதல் ஏழெட்டு நாளில் செய்யக்கூடாதவை மூன்று: வேலையை விடுவது, நகையை அடகு வைத்துக்கொண்டு யாரோ சொன்ன வைத்தியருக்குக் கிளம்புவது, பேசி முடித்த கல்யாணத்தை நிறுத்துவது. அவசரம் என்று டாக்டரே சொன்ன சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மற்ற முடிவுகள் எட்டு நாள் காத்திருக்கும்.

யாரிடம் சொல்வது? முழுசாகச் சொல்ல மூன்று பேர் போதும். ஆஸ்பத்திரிக்குக் கூட வரக்கூடிய ஒருவர், பணம் காசு பேசத் தகுந்த ஒருவர், நீங்கள் அழுதால் பதில் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒருவர். மூன்றாமவர் கிடைப்பதுதான் கஷ்டம். பெரும்பாலும் அது அம்மாவாக இருக்காது. அம்மா சேர்ந்து அழுவார். பிறகு அவரைத் தேற்றுகிற வேலையும் உங்கள் தலையில் விழும். பழைய பள்ளிக்கூடச் சிநேகிதியாகவோ அதிகம் பேசாத சித்தப்பாவாகவோ இருக்கலாம். மற்ற எல்லாருக்கும் ஒற்றை வரி: "கொஞ்சம் உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடுறேன், இப்பப் பரவாயில்லை." அதற்கு மேல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு வைத்தியம் வந்து சேரும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஒரு துண்டுத்தாளில் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எந்த அறிகுறி வந்தால் அன்றைக்கே வரவேண்டும்? எந்த மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது? விரதம் இருக்கலாமா, இருந்தால் மாத்திரையை எப்படி மாற்றுவது? மனச்சோர்வு வந்தால் அது இந்த மருந்தாலும் வரக்கூடியதா? கடைசிக் கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

நாற்பது பக்க நோட்டு

கடையில் கிடைக்கிற சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நாளுக்கு ஒரே வரி. தேதி, வலி அல்லது களைப்பு (பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்), எத்தனை மணி நேரம் தூங்கினோம், மனசு எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு சொல், கடைசியில் அன்றைக்கு நடந்த ஒன்று. இப்படி இருக்கும்:

செவ்வாய். 6. நாலரை மணி. எரிச்சல். ரேஷன் கடையில் ஒரு மணி நேரம் நின்றது.

இரண்டு வாரம் எழுதினால் தாளே பேச ஆரம்பிக்கும். வலி எட்டைத் தொட்ட நாளுக்கு முந்தின ராத்திரி தூக்கம் நாலு மணி நேரமாக இருக்கும். எரிச்சல் என்று எழுதிய நாளெல்லாம் ஒரே ஆள் வீட்டுக்கு வந்த நாளாக இருக்கும். "அமாவாசை வந்தா வலி கூடுது" என்று சொல்பவர்கள் உண்டு. எழுதிப் பார்த்தால், அன்றைக்குத் தலைக்குக் குளித்து, படையல் முடியும்வரை வெறும் காபியோடு மதியம் இரண்டு மணிவரை அடுப்படியில் நின்றது தெரியவரும். அமாவாசையை மாற்ற முடியாது, அடுப்படியில் ஒரு ஸ்டூல் போடலாம்.

இது கெட்டுப்போவது எப்படி என்றால், ஆர்வத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டு, சிவப்பு மை, பச்சை மை என்று ஆரம்பிப்பது. ஐந்தாம் நாள் நோட்டு பீரோவுக்குப் போய்விடும். விட்ட நாளை இட்டு நிரப்பவும் வேண்டாம். வெற்றிடமும் ஒரு தகவல்தான்.

கவலைக்கு ஒரு நேரம்

"கவலைப்படாதே" என்று சொல்லி யாரும் கவலையை நிறுத்தியதில்லை. அதற்கு நேரம் ஒதுக்கினால் மட்டுப்படும். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறுவரை, விளக்கேற்றுவதற்கு முன்னால், நல்ல நேரம். படுக்கைக்குப் பக்கத்து நேரம் வேண்டவே வேண்டாம். மாடியோ, திண்ணையோ, ஒரே இடத்தில் உட்காருங்கள். மனசில் ஓடுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி முடித்தபின் ஒவ்வொன்றுக்கும் எதிரே "நாளைக்குச் செய்யலாம்" அல்லது "செய்ய ஒன்றுமில்லை" என்று குறியுங்கள். மாத்திரை நாலு நாளில் தீர்ந்துவிடும் என்பது முதல் வகை. எழுதியவுடன் யார் வாங்கி வருவது என்று பெயரும் போட்டுவிடலாம். பத்து வருஷம் கழித்துக் கிட்னி என்ன ஆகும் என்பது இரண்டாவது வகை. அதைத் தாளில் விட்டுவிட்டு எழுந்திருங்கள்.

காலை பதினோரு மணிக்குக் கவலை வந்தால், "சாயங்காலம் வா" என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். முதல் வாரம் போகாது. விரட்டுகிறபோது திரும்பி வரும். தவணை சொல்லி அனுப்பினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும்.

மூச்சு

மூச்சுப் பயிற்சி என்றாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு அடக்குவது என்று நினைக்க வேண்டாம். புதிதாக வருகிறவர்களுக்கு, அதிலும் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு, மூச்சை அடக்குவதும் கபாலபாதி மாதிரி வேகமாக அடிப்பதும் வேண்டாம். செய்யவேண்டியது இவ்வளவுதான்:

1. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். சம்மணம் கட்டாயமில்லை.
2. மூக்கு வழியாக, மனசுக்குள் நாலு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். வயிறு லேசாக மேலே வரட்டும்.
3. ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள்.
4. இப்படி ஐந்து நிமிஷம், காலையில் ஒருமுறை, படுக்கும்முன் ஒருமுறை.

நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்று கணக்கு வரும். விடுகிற மூச்சு நீண்டால் நெஞ்சுத் துடிப்பு தணிகிறது, உடம்பு 'ஆபத்தில்லை' என்று எடுத்துக்கொள்கிறது. எண்களுக்குப் பதில் நமசிவாய, முருகா, யா அல்லா, இயேசுவே என்று எது வாயில் வருமோ அதைச் சொல்லிக்கொள்ளலாம். வேகம் மட்டும் மாறக்கூடாது. தலை கிறுகிறுத்தால் மூச்சை அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். சாதாரண அளவில் இழுங்கள், மெதுவாக மட்டும் விடுங்கள். இளைப்பு உள்ளவர்களுக்கு ஆறு எண்ண முடியாது. மூன்றுக்கு நாலு போதும்.

தெம்பை எண்ணிச் செலவழிப்பது

நாள்பட்ட நோய்க்காரர்கள் மனசொடிந்து போவதற்கு வலியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு நாள் உடம்பு லேசாக இருக்கும். உடனே புரட்டாசி சனிக்கிழமை மாதிரி வீடு முழுக்க அலசி, பரணில் உள்ள பாத்திரத்தை இறக்கித் தேய்த்து, மாவு ஆட்டி வைத்து, சாயங்காலம் பஜாருக்கும் போய் வருவார்கள். அடுத்த இரண்டு நாள் பாயை விட்டு எழ முடியாது. மூன்றாம் நாள், "நான் எதுக்குமே லாயக்கில்லை" என்று தோன்றும். நாலாம் நாள் மறுபடி கொஞ்சம் லேசாக இருக்கும், விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்ப்பார்கள். இந்தச் சுழல்தான் ஆளைத் தின்கிறது.

உடைக்கிற வழி: நல்ல நாளில் முடிகிற அளவில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் செய்யுங்கள். மோசமான நாளிலும் படுத்தே கிடக்காமல் ஒரு சின்ன வேலை, ஒரு டம்ளரைக் கழுவி வைப்பதாக இருந்தாலும், செய்யுங்கள். இரண்டு நாளுக்கும் நடுவில் உள்ள மேடு பள்ளம் குறைவதுதான் குறி. வலி வந்தபின் உட்காராமல், கடிகாரத்தைப் பார்த்து உட்காருங்கள்: இருபது நிமிஷம் வேலை, பத்து நிமிஷம் ஓய்வு. மாமியார் வீட்டில் இதைச் செய்வது கஷ்டம்தான். "டாக்டர் சொல்லிருக்காரு அத்தை" என்ற மூன்று சொல்லுக்கு நம் வீடுகளில் இன்னும் மரியாதை இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நடைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் தோதான இடம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். நாலு பக்கமும் நடுவில் விட்டுவிட்டு உட்காரலாம், துணைக்கு எப்போதும் நாலு பேர் நடந்துகொண்டிருப்பார்கள். முதல் வாரம் ஒரு பக்கம் மட்டும் நடந்து திரும்புங்கள். நடந்துகொண்டே பேச முடிகிறதா என்று பாருங்கள்; வாக்கியம் நடுவில் உடைந்தால் வேகம் அதிகம். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட வலி கூடியிருந்தால் தூரத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். பக்கத்தில் நடக்கிறவர் மூன்று சுற்றுப் போடுவதைப் பார்க்கவே வேண்டாம். நெஞ்சு அடைத்தாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி இறங்கினாலோ உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

நேர்த்திக்கடன்

மதுரைப் பக்கம் நோய் வந்தால் முதலில் வாயில் வருவது வேண்டுதல்தான். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "இது சரியாப் போச்சுன்னா பூக்குழி இறங்குறேன்" என்று வேண்டிக்கொள்கிறோம். இந்த நோய் 'சரியாப் போகிற' ரகம் இல்லை. வருஷம் ஓடும், கடன் நிற்கும். "வேண்டுதலை முடிக்கலை, அதான் இப்படி" என்று யாராவது ஒருவர் சொல்வார். நோயோடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். எனவே வேண்டுதலின் வாசகத்தை மாற்றுங்கள். "நடக்க முடிந்தவரைக்கும் ஆடிக்கு ஒருதரம் வந்து முகத்தைக் காட்டுறேன்" என்று வேண்டினால் அது நிறைவேறிக்கொண்டே இருக்கும் வேண்டுதல்.

ஏற்கெனவே வேண்டியாகிவிட்டது, இப்போது உடம்பு ஒத்துவரவில்லை என்றால் நம் பாட்டிமார் வைத்திருந்த வழி இருக்கிறது. ஒரு சாண் வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, ஒரு ரூபாய்க் காசை நடுவில் வைத்து, மூன்று முடிச்சுப் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பது. "மறக்கலை, தவணை கேக்குறேன்" என்பதற்கு அடையாளம் அது. உடலை வருத்துகிற வேண்டுதலுக்குப் பதிலாக முடி காணிக்கை, மாவிளக்கு, உப்பும் மிளகும் போடுவது, வெள்ளியில் அச்சடித்த கை கால் உருவம் என்று வழிகள் கோயில்களில் ஏற்கெனவே இருக்கின்றன. பூசாரியிடம் கேளுங்கள், பெரும்பாலும் அவர் உங்களைவிட இளகிய மனசோடு இருப்பார்.

சர்க்கரைக்காரர்கள் பூக்குழி, தீச்சட்டி, பழனிப் பாதயாத்திரை என்று எதற்குமுன்னும் கால் உணர்வைச் சோதிக்க வேண்டும். வீட்டிலேயே செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, மொத்தம் ஆறு இடம், வரிசை மாற்றி, ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடட்டும். அழுத்தவோ தடவவோ கூடாது. தொடுவது தெரிந்தவுடன் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது. அந்தக் காலோடு நெருப்பிலும் இறங்கக்கூடாது, வெறுங்காலில் நெடுந்தூரமும் நடக்கக்கூடாது. கொப்புளம் வந்ததே தெரியாமல் நடப்பார்கள். ரத்தக்கறை பார்த்துத்தான் தெரியும். அந்தப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு விரலே போகும். பழனிக்குப் பஸ்ஸில் போய், அடிவாரத்தில் யாத்திரை வருகிறவர்களுக்கு மோர் ஊற்றுங்கள். அதுவும் காணிக்கைதான்.

கோயிலுக்குப் போகிற நாள்

மீனாட்சியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பிரதோஷமும் விசேஷம். அதனாலேயே உங்களுக்கு ஆகாது. வார நாளில் விடிகாலையில் போங்கள். வெயில் ஏறினால் ஆடி வீதிக் கல் காலைச் சுடும், உணர்வு குறைந்த காலுக்குச் சூடும் தெரியாது. கோயிலுக்குள் கைப்பேசிக்கு 2018-லிருந்து தடை. ஆகவே சட்டைப் பையில் ஒரு காகிதம் இருக்கட்டும்: பெயர், நோய், சாப்பிடும் மருந்து, வீட்டு எண். கூடவே நாலைந்து சர்க்கரை மிட்டாய். இன்சுலின் போடுகிறவர்கள் இதில் அலட்சியம் காட்டவே கூடாது.

வரிசையில் நிற்க முடியவில்லை என்றால் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்காருங்கள். அங்கிருந்து விமானம் தெரிகிறது. அரை மணி நேரம் கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது, கூட்டத்தில் இடிபட்டு ஒரு விநாடி பார்ப்பதைவிட அதிகம் தேற்றும் என்பது நம் கணிப்பு. அழகர் ஆற்றில் இறங்குகிற விடியலில் ஆற்றுக்குள் போக வேண்டாம். மலையிலிருந்து வருகிற வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் அவர் நின்று நின்றுதான் வருகிறார். உங்கள் தெருவுக்குப் பக்கத்து மண்டகப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

பிரசாதத்தை மறுத்தால் மனசு சங்கடப்படும். சர்க்கரைப் பொங்கலில் விரல் நுனியளவு எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்துக் குழந்தைக்குக் கொடுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்குத் தொன்னைப் பஞ்சாமிர்தம், வாழைப்பழம், இளநீர் மூன்றுமே பொட்டாசியம் நிறைந்தவை. அது ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். தீர்த்தம் ஒரு உத்தரணி போதும், அதையும் டாக்டர் சொன்ன அன்றாடத் தண்ணீர்க் கணக்கில் சேருங்கள்.

சாமியிடம் கோபம் வந்தால்? வரட்டும். அப்பர் சூலை நோயோடு திருவதிகையில் போய் நின்றபோது "பொறுக்க முடியவில்லை" என்றுதான் வாய்விட்டுப் பாடினார். புலம்பலும் சண்டையும் நம் பக்தி மரபில் வழிபாட்டுக்கு வெளியே இருந்ததில்லை. சிரித்த முகத்தோடுதான் கும்பிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

விரதம், நோன்பு, தவக்காலம்

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் அந்த மருந்தை வழக்கம்போல எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, எரிந்து விழுவது இவையெல்லாம் அறிகுறி. 70-க்குக் கீழே போனால் விரதம் அங்கேயே முடிந்தது: மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தரம். பிறகு சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-தான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு நீண்ட பட்டினி இருந்தால் இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. அதை முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சஷ்டிக்கோ ஏகாதசிக்கோ பட்டினிக்குப் பதிலாக வேறொன்றை விடலாம். அந்த நாட்களில் டிவி சீரியலை விடுவது, கோபமாக ஒரு சொல் சொல்வதில்லை என்று வைத்துக்கொள்வது. சோற்றை விடுவதைவிட அது கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரம்ஜான் நோன்பு இருக்க விரும்புகிறவர்கள் ஆறேழு வாரம் முன்னதாகவே டாக்டரைப் பார்த்து மருந்து நேரத்தை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பரவலான மார்க்கக் கருத்து. 70-க்குக் கீழேயோ 300-க்கு மேலேயோ போனால் முறித்துவிட வேண்டும். நோயாளிக்கு விலக்கு குர்ஆனிலேயே இருக்கிறது. விட்ட நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கிற ஃபித்யா பற்றிப் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். கத்தோலிக்கர்களுக்கும் நோயாளியை நோன்பு கட்டுப்படுத்தாது. நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற 'நோயில்பூசுதல்' என்றால் கடைசி நேரத்துக்கு என்று வீட்டில் பயப்படுவார்கள். அப்படியில்லை. கடும் நோயோடு வாழ்கிறவர், நோய் கூடும்போது, உயிரோடு நடமாடும் காலத்திலேயே கேட்டுப் பெறலாம்.

மந்திரிப்பு, குறி, ஏழரை

தாயத்து கட்டுவதால் யாருக்கும் கேடில்லை. விபூதி மந்திரித்துப் போடுவதும் தர்காவில் ஓதி ஊதுவதும் பயந்த மனசுக்கு ஆறுதல். எல்லை எங்கே என்றால், மூன்று விஷயத்தில். "மாத்திரையை நிறுத்து" என்று சொன்னால், குணமாகும் தேதி குறித்துக் கொடுத்தால், ஒவ்வொரு தடவையும் தட்சிணை ஏறினால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்க்கிற மருந்துகள் உண்டு. வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் அடங்காத வலிப்பு வரலாம். நெடுநாள் ஸ்டீராய்டை நிறுத்தினால் இரத்த அழுத்தம் படுத்துவிடும். பெரும்பாலும் சின்ன வயதில் வருகிற டைப் 1 சர்க்கரைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. நாட்டு மருந்து சாப்பிடுவது என்றால் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் இரண்டு டாக்டருக்கும் தெரிய வேண்டும். பெயரில்லாத பொட்டலப் பொடி மூட்டுவலியை மூன்றே நாளில் நிறுத்தினால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

ஜாதகம் வேறு வகையில் மாட்டிவிடும். "ஏழரை முடிஞ்சா எல்லாம் சரியாயிரும்" என்று சொல்வார்கள். அதுவரை நடைப்பயிற்சியும் வேண்டாம், வேலை தேடவும் வேண்டாம், வாழ்க்கையையே தள்ளிவைப்பார்கள். ஏழரை வருஷம் சின்னக் காலமா? "போன சென்மத்துப் பாவம்" என்று ஒரு பெரியம்மா வீட்டுக்கு வந்து சொன்னால் வாதாட வேண்டாம். "இருக்கலாம் பெரியம்மா. காபி சாப்பிடுறீங்களா?" பேச்சு திரும்பிவிடும்.

வீட்டோடு பேசுவது

"யாரும் என்னைக் கண்டுக்கிறதில்லை" என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தண்ணிக் குடத்தை நீங்க தூக்கி வைங்க" என்றால் நடக்கும். நாள், வேலை, ஆள் மூன்றும் இருக்க வேண்டும். பார்த்துக்கொள்கிற மனைவிக்கோ மகனுக்கோ வாரத்தில் அரை நாள் விடுமுறை கட்டாயம் கொடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் வீட்டில் நோயாளி இருவர். படுக்கையோடு இருப்பவர் என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை, இயன்முறைச் சிகிச்சை, வலிதணிப்புப் பராமரிப்பு தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

வருத்தம் நோயாக மாறும்போது

நோட்டில் 'மனசு' கட்டத்தைப் பாருங்கள். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் சோர்வு அல்லது நம்பிக்கையின்மை, அல்லது பிடித்த எதிலும் நாட்டமில்லாமை, இந்த இரண்டில் ஒன்று இருந்தால்கூட டாக்டரிடம் சொல்ல வேண்டும். இது பலவீனமும் இல்லை, பக்திக் குறைவும் இல்லை. தைராய்டு குறைவு, இரத்தசோகை, பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிடுவதால் வரும் பி12 குறைவு, ஸ்டீராய்டு இவையெல்லாம் மனசைக் கீழே இழுக்கும்; இரத்தப் பரிசோதனையில் பாதி விஷயம் தெரிந்துவிடும். மனநல மருந்து கொடுத்தால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கிற தவறு. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு தனியாக இருக்கிறது.

சாகலாம் என்று எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்சுலினையும் மாத்திரைகளையும் வீட்டில் இன்னொருவர் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை எடுத்துத் தரட்டும். 14416 என்ற இலவச எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கைக்கு ஒரு வேலை

இந்த ஊரில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி பிரசவ மருத்துவராக வர ஆசைப்பட்டவர். முப்பது வயதில் முடக்குவாதம் வந்து நெடுநாள் படுக்கையில் கிடந்தார். விரல்கள் நிரந்தரமாகக் கோணிவிட்டன. அந்த விரல்களுக்கு எந்த அறுவை சாத்தியம் என்று பார்த்துக் கண் மருத்துவத்துக்கு மாறினார், கைக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டார். 1976-இல், 58 வயதில், அரசுப் பணி ஓய்வுக்குப் பிறகு பதினோரு படுக்கையோடு மருத்துவமனையை ஆரம்பித்தார். அவர் கையால் நடந்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். மூட்டுவாதம் 2006-இல் இறக்கும்வரை அவரை விடவில்லை. அரவிந்தர் வழியிலான தியானத்தை அவரும் விடவில்லை.

எல்லாரும் ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் வேலையை மாற்றிய விதம். பழைய வேலையில் எந்தத் துண்டு இன்னும் முடியும் என்று தேடுங்கள். பூக்கட்டுகிற விரல் மரத்துவிட்டால் மல்லிகையை எடை போட்டு வாங்குகிற கணக்கைப் பார்க்கலாம். தறியில் உட்கார முடியாதவர் சுங்குடிச் சேலைக்கு நிறம் பொருத்திச் சொல்லலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். 'என்னைப் பார்க்க வருகிறார்கள்' என்பது 'என்னைத் தேடி வருகிறார்கள்' என்று மாறுகிற இடம் அது.

நாற்பத்தெட்டாம் நாள்

நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். வலி எண் குறையாமலே இருக்கலாம். அதை மட்டும் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். தூக்கம் எத்தனை மணி நேரமானது, 'மனசு' கட்டத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது மாறியிருக்கிறதா, படுத்தே கிடந்த நாட்கள் முதல் இரண்டு வாரத்தில் எத்தனை, கடைசி இரண்டு வாரத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். ஒத்துவராத பழக்கம் ஒன்றை விட்டுவிட்டு, ஒத்துவந்த இரண்டை வைத்துக்கொண்டு அடுத்த மண்டலத்துக்குப் புது நோட்டு வாங்குங்கள். பழையதில் மோசமான வாரம் இருந்த பக்கத்தின் மூலையை மடித்து, மருந்துப் பைக்குள் வையுங்கள். டாக்டர் உங்களுக்கு ஒதுக்குவது மூன்று நிமிஷமாக இருக்கலாம். உட்கார்ந்தவுடன் அந்தப் பக்கத்தை அவர் மேசையில் விரித்து வைத்துவிடுங்கள்.